அத்னான் மெந்தரஸ்: வாழ்வும் வீழ்வும்

நம் முன்னோர் இல்லங்களில் பேணப்பட்டுவரும் பழைய நிழற்படங்களைக் காண்போர், குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பியணிந்து நடுநாயகமாக வீற்றிருக்கும் பெரியவரொருவரைக் காணாதிரார். அத்தொப்பியைத் துருக்கி நாடே 1925ஆம் ஆண்டில் சட்டமியற்றி விலக்கிவிட்டது என்பதை அப்பெரியவர்களுள் பலர் அறிந்திருந்தனரோ, அறிந்தும் பொருட்படுத்தவில்லையோ, நாம் சொல்லற்கில்லை. துருக்கர் என்னும் சொல் முஸ்லிம்களைக் குறிக்கும் பொதுச்சொல்லாகத் தமிழில் நெடுங்காலம் வழங்கியதும், கிலாபத் இயக்க நாளில் இந்திய முஸ்லிம்கள் அந்நாட்டிற்காகப் பொருள் திரட்டியதும் நாம் அறிந்தனவே. ஆயினும் கிலாபத் 1924இல் ஒழிக்கப்பட்ட பின்னர் துருக்கி மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யாரால் ஆளப்பட்டனர் என்னும் வரலாறு நம் மாணவர்க்குப் பெரிதும் எட்டாததாகவே இருந்துவருகின்றது.

அவ்வரலாற்றில் ஒரு பெயரை மட்டும் நம் பெரியோர் சிலர் பள்ளிவாசல் முற்றங்களில் உருக்கத்துடன் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அரபு மொழியில் பாங்கு ஒலிக்கும் உரிமையை மக்களுக்கு மீட்டுத் தந்தார். அதற்காகவே தூக்கிலிடப்பட்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. அவர்தாம் துருக்கியின் தலைமை அமைச்சராகப் பத்தாண்டுக் காலம் விளங்கிய அத்னான் மெந்தரஸ். இச்செய்தியின் முற்பகுதி முழு உண்மை. பிற்பகுதியை ஆராய்ந்தே கொள்ள வேண்டும். ஆராயுமிடத்து, ஒருவரைப் போற்றுவதோடு நில்லாமல் அவர் இடறிய இடங்களையும் கூறவேண்டியவர்களாகின்றோம். பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

ஆற்றங்கரையில் ஓர் அநாதை

துருக்கியின் மேற்கே, ஏஜியன் கடலை நோக்கி வளைந்து நெளிந்து ஓடும் ஆறு பெரிய மெந்தரஸ் என்பதாகும். அதன் நீரால் செழிக்கும் அய்தின் மாவட்டம் பருத்திக்கும் அத்திப்பழத்திற்கும் பெயர்பெற்றது. அங்கு நிலக்கிழார் குடும்பமொன்றில் 1899ஆம் ஆண்டில் அத்னான் பிறந்தார். மிக இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடன்பிறந்த ஒரே சகோதரியும் மறைந்தார். பாட்டியாரின் அரவணைப்பில் வளர்ந்த அச்சிறுவர்க்குப் பரந்த நிலம் இருந்தது. உறவென்று சொல்லிக்கொள்ள அம்மூதாட்டியன்றி வேறெவரும் இலர். 1934இல் துருக்கியர் அனைவரும் குடும்பப் பெயர் சூடவேண்டும் என்று சட்டம் வந்தது. அதன்பின் தம் மண்ணின் ஆற்றுப் பெயரையே தம் பெயராகத் தாங்கி நின்றார் அத்னான்.

இஸ்மிர் நகரத்து அமெரிக்கக் கல்லூரியில் பயின்றார். முதல் உலகப் போரில் படைப்பணிக்கு அழைக்கப்பட்டார். போர் முடிந்து கிரேக்கப் படைகள் மேற்குத் துருக்கியைக் கைப்பற்றியபோது, தம் வட்டாரத்து இளைஞர்களைச் சேர்த்து எதிர்ப்புக் குழு அமைத்தார். விடுதலைப் போர்ப் பதக்கமும் பெற்றார். பின்னாளில் தமக்கு மரண தண்டனை வழங்கிய படையினரின் முன்னோர் பெற்ற அதே பதக்கம் அது. 1928இல் பெரின் அம்மையாரை மணந்தார். ஆண்மக்கள் மூவர் பிறந்தனர்.

அரசியலில் அவர் அடியெடுத்து வைத்தது 1930இல். குடியரசின் தந்தையெனப்படும் முஸ்தபா கமால் அத்தாதுர்க், நாட்டில் தம் மக்கள் கட்சியன்றி வேறு கட்சியும் இருக்கட்டும் என்றெண்ணித் தம் நண்பர் பெத்ஹி பேயைக் கொண்டே எதிர்க்கட்சியொன்றைத் தொடங்கச் செய்தார். அய்தினில் அதன் கிளையை அமைத்தவர் மெந்தரஸ். மக்கள் வெள்ளமெனத் திரண்டு அக்கட்சியை ஆதரித்தனர். அதைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். மூன்றே மாதங்களில் அக்கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. எதிர்க்கட்சியை அரசே உண்டாக்கி அரசே முடித்துவைத்த இந்நிகழ்ச்சி, அந்நாட்டு மக்களாட்சி எத்துணை மெல்லிய கொடியில் தொங்கியது என்பதைக் காட்டும். 1931இல் மெந்தரஸ் ஆளும் மக்கள் கட்சியில் சேர்ந்து அய்தின் உறுப்பினராக நாடாளுமன்றம் புகுந்தார். உறுப்பினராயிருந்தவாறே அங்காராவில் சட்டம் பயின்று 1935இல் பட்டம் பெற்றார். பதினான்கு ஆண்டுகள் அவர் பெரிதும் பேசப்படாத உறுப்பினராகவே இருந்தார்.

நால்வர் விண்ணப்பம்

1945ஆம் ஆண்டு திருப்புமுனை. பெருநிலக்கிழாரின் நிலத்தை உழவர்க்குப் பகிர்ந்தளிக்கும் மசோதா மன்றத்திற்கு வந்தது. மெந்தரஸ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். தாமே நிலக்கிழார் என்பதால் எதிர்த்தார் என்று கூறுவாரும் உளர். அக்கூற்றை முற்றிலும் தள்ள இயலாது. ஏழை உழவரின் காவலர் என்று பின்னாளில் கொண்டாடப்பட்டவரின் முதல் முழக்கம் நிலப்பகிர்வுக்கு எதிராக எழுந்தது என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று. அவ்விவாதத்தின் போக்கில்தான் ஜலால் பாயர், புவாத் கொப்ருலு, ரஃபீக் கொரால்தான், மெந்தரஸ் ஆகிய நால்வரும் ஜூன் 7 அன்று கட்சித் தலைமைக்கு ஒரு விண்ணப்பம் அளித்தனர். அரசமைப்புச் சட்டம் வழங்கும் உரிமைகள் ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கு வரவேண்டும் என்பதே அதன் சாரம். விண்ணப்பம் தள்ளப்பட்டது, மெந்தரஸும் கொப்ருலுவும் கட்சியினின்று நீக்கப்பட்டனர். 1946 ஜனவரி 7 அன்று ஜனநாயகக் கட்சி பிறந்தது.

அவ்வாண்டுத் தேர்தலில் வாக்களிப்பு வெளிப்படையாகவும் எண்ணிக்கை மறைவாகவும் நடந்தன. நாம் அறிந்த முறைக்கு நேர்மாறு! புதிய கட்சி சிறு தொகையினரையே மன்றத்திற்கு அனுப்ப முடிந்தது. எனினும், அத்தாதுர்க்கிற்குப் பின் குடியரசுத் தலைவரான இஸ்மத் இனோனு காலத்தின் போக்கை உணர்ந்தவர். தேர்தல் முறை திருத்தப்பட்டது. 1950 மே 14 அன்று நீதித்துறையின் மேற்பார்வையில் மறைவாக்குத் தேர்தல் நடந்தது. ஜனநாயகக் கட்சி ஏறத்தாழ 53 சதவீத வாக்குகளைப் பெற்றது. 27 ஆண்டுகள் நாட்டை ஆண்ட மக்கள் கட்சி ஏறத்தாழ 40 சதவீதம் பெற்றது. இனோனு மறுபேச்சின்றி ஆட்சியை ஒப்படைத்தார். படைபலமும் அதிகார வர்க்கமும் தம் பக்கம் இருக்க, வாக்குச்சீட்டுக்குப் பணிந்து வெளியேறிய அம்முதுபெரும் தளபதியின் செயல் பாராட்டத்தக்கது. பாயர் குடியரசுத் தலைவரானார். மெந்தரஸ் தலைமை அமைச்சரானார்.

இங்கே ஒரு கணக்கை மாணவர்கள் கூர்ந்து நோக்கவேண்டும். 487 இடங்களுள் 400க்கு மேற்பட்டவற்றை வென்ற கட்சி பெற்றது. 40 சதவீத வாக்குப் பெற்ற கட்சிக்குக் கிடைத்தவை 69 இடங்களே. ஒரு மாகாணத்தில் எந்தக் கட்சியின் பட்டியல் முந்துகின்றதோ அக்கட்சிக்கே அம்மாகாணத்தின் இடங்களனைத்தும் உரியன என்பது அந்நாளைய விதி. தாமே வெல்வோம் என்ற நம்பிக்கையில் மக்கள் கட்சியினர் வைத்திருந்த விதி அது. வெட்டியவரே அக்குழியில் வீழ்ந்தனர். 1924ஆம் ஆண்டின் அரசமைப்பில் மேலவை இல்லை; சட்டங்களைச் சீர்தூக்கும் அரசமைப்பு நீதிமன்றமும் இல்லை. மன்றத்தில் பெரும்பான்மை உடையவர் நினைத்ததே சட்டம். இத்தகைய தடையற்ற அதிகாரம் மெந்தரஸின் கைக்கு வந்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர் கண்டித்த அடக்குமுறைச் சட்டங்களையும், எல்லாம் வென்றவர்க்கே என்னும் தேர்தல் விதியையும் அன்று ஒரே அமர்வில் மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

பாங்கொலி

அவர் முதற்கண் மாற்றியது வேறொன்று. 1932 முதல் துருக்கிப் பள்ளிவாசல்களில் பாங்கு துருக்கி மொழியில் ஒலிக்கவேண்டும் என்று ஆணை இருந்தது. அல்லாஹ் என்னும் திருநாமத்தின் இடத்திலும் துருக்கிச் சொல்லே நின்றது. 1941இல் அரபு மொழியில் பாங்கு சொல்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகவே ஆக்கப்பட்டது. 1950 ஜூன் 16 அன்று, புனித ரமலான் பிறக்கும் தறுவாயில், நாடாளுமன்றம் அத்தடையை நீக்கியது. மக்கள் கட்சியும் அதனை எதிர்த்து நிற்கவில்லை என்பதை நாம் மறவாமல் குறித்தல் வேண்டும். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் மினாராக்களிலிருந்து எழுந்த அவ்வோசையைக் கேட்டு முதியோர் கண்ணீர் சிந்தினர் என்பதைக் கேட்கும்போது நம் நெஞ்சும் நெகிழ்கின்றது. அடுத்து வானொலியில் குர்ஆன் ஓதப்பட்டது. 1951இல் இமாம்களையும் கதீபுகளையும் பயிற்றும் பள்ளிகள் திறக்கப்பட்டன.

அதனால் மெந்தரஸ் இஸ்லாமிய அரசை நிறுவ முயன்றார் என்று கருதுவது பொருந்தாது. அத்தாதுர்க்கின் நினைவை இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கும் சட்டத்தை 1951இல் கொணர்ந்தவரும் அவரே. மக்களின் சமய உணர்வை அரசு மிதித்தலாகாது என்பது அவர்தம் கொள்கை. அவ்வுணர்வு வாக்காக விளையும் என்பதும் அவர் அறிந்ததே. இவ்விரண்டையும் பிரித்துக் காண்பது அரிது. அவர்தம் நெஞ்சை அளக்கும் கோல் நம்மிடம் இல்லை.

வளமும் வறட்சியும்

முதல் நான்காண்டுகள் பொற்காலம் என்றே உழவர் கருதினர். அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியால் டிராக்டர்கள் வந்து குவிந்தன. 1948இல் 2,000க்கும் குறைவாக இருந்த அவ்வியந்திரங்கள் பத்தாண்டுக்குள் 40,000ஐத் தாண்டின. தரிசு நிலங்கள் உழப்பட்டன. சிற்றூர்களுக்குச் சாலைகள் வந்தன. தானியத்திற்கு அரசு நல்ல விலை தந்தது. வானமும் கைகொடுத்தது. துருக்கி கோதுமையை ஏற்றுமதி செய்தது. கொரியப் போருக்கு 4,500 பேருக்கு மேற்பட்ட படைப்பிரிவை அனுப்பிய அந்நாடு, 1952இல் வட அட்லாண்டிக் கூட்டமைப்பில் சேர்க்கப்பட்டது. அங்காராவின் அதிகாரிகள் வரி தண்டவும் ஆணையிடவும் மட்டுமே தம் ஊர்ப்பக்கம் வருவர் என்றிருந்த குடியானவர்க்கு, தம்மைத் தேடிவந்து கைகுலுக்கிய தலைமை அமைச்சர் தெய்வத்தின் கொடையாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1954 தேர்தலில் 57 சதவீதத்திற்கு மேற்பட்ட வாக்குகளும், 541 இடங்களுள் 500க்கு மேற்பட்டவையும் அவர் கட்சிக்குக் கிடைத்தன.

அவ்வாண்டே மழை பொய்த்தது. கோதுமை விற்ற நாடு கோதுமை வாங்க நேர்ந்தது. அயல்நாட்டுச் செலாவணி தீர்ந்தது, காப்பிக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது, விலைகள் ஏறின. செலவைச் சுருக்கும்படி வல்லுநர் கூறிய அறிவுரையை மெந்தரஸ் ஏற்கவில்லை. தொழிற்சாலைகள், அணைகள், சாலைகள் என்று பணிகளைப் பெருக்கினார். இஸ்தான்புல் நகரில் அகன்ற சாலைகள் அமைப்பதற்காக இடிக்கப்பட்ட பழங்கட்டடங்களுள் பள்ளிவாசல்களும் இருந்தன என்பதைப் பாங்கொலியை மட்டும் நினைப்போர் அறியார். 1958 ஆகஸ்டில் கடன் தந்தோரின் நெருக்குதலுக்குப் பணிந்து, டாலர் ஒன்றுக்கு 2.80 லிராவாக இருந்த நாணய மதிப்பை 9 லிராவாக இறக்கவேண்டியதாயிற்று.

உழவரைக் காட்டிலும் இவ்விலையேற்றத்தால் நலிந்தோர் மாத ஊதியத்தை நம்பியிருந்தோர். ஆசிரியர், எழுத்தர், நீதிபதிகள், அவர்களுடன் படை அதிகாரிகள். ஒருகாலத்தில் குடியரசின் தூண்களென மதிக்கப்பட்ட அவ்வதிகாரிகள் வீட்டு வாடகை கொடுக்கவும் தடுமாறினர். புதிதாகச் செல்வம் ஈட்டிய வணிகரும் ஒப்பந்ததாரரும் தம்மைக் கடந்து செல்வதைக் கண்டு புழுங்கினர். நாட்டைத் தோற்றுவித்தவர் நாமே, அதனைக் காக்கும் பொறுப்பும் நமதே என்னும் எண்ணம் படைக்கல்லூரியில் அவர்க்கு ஊட்டப்பட்டிருந்தது. வயிற்றெரிச்சலும் காவலர் என்னும் பெருமிதமும் கூடுமிடத்தில் சதி முளைக்கும்.

பெரும்பான்மையின் செருக்கு

இனி நாம் கூறவிருப்பவை கசப்பானவை. வெற்றி பெருகப் பெருக மெந்தரஸ் எதிர்ப்பைப் பொறாதவரானார். மக்கள் கட்சியின் உடைமைகள் 1953இல் சட்டத்தின் வாயிலாகப் பறிக்கப்பட்டன. 1954இல் பத்திரிகைச் சட்டம் இறுக்கப்பட்டது. 79 வயதினராகிய ஹுசைன் ஜாஹித் யல்சின் என்னும் மூத்த பத்திரிகையாளர் சிறைக்கு அனுப்பப்பட்டார். 25 ஆண்டுப் பணி முடித்த நீதிபதிகளையும் பேராசிரியர்களையும் அரசு விரும்பியவாறு ஓய்வில் அனுப்ப வழிசெய்யப்பட்டது. கிர்ஷெகிர் என்னும் மாகாணம் எதிர்க்கட்சித் தலைவரொருவரைத் தேர்ந்தெடுத்தது. அக்குற்றத்திற்காக அம்மாகாணத் தகுதியே நீக்கப்பட்டு அது வட்டமாகக் குறைக்கப்பட்டது! வாக்களித்த மக்களையே தண்டித்த இச்செயலை என்னென்பது? மூன்றாண்டு கழித்துத் தகுதி திருப்பியளிக்கப்பட்டதெனினும் வடு மாறவில்லை.

1955 செப்டம்பர் 6, 7 நாட்களில் இஸ்தான்புல்லில் நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. கிரேக்க நாட்டின் சலோனிகா நகரில் அத்தாதுர்க் பிறந்த இல்லத்தில் குண்டு வெடித்தது என்ற செய்தி பரவியதும், சைப்ரஸ் சிக்கலால் ஏற்கெனவே கொதித்திருந்த கும்பல்கள் கிரேக்கக் கிறித்தவரின் கடைகளையும் வீடுகளையும் தேவாலயங்களையும் சூறையாடின; கல்லறைகளும் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நகரத்தைவிட்டு வெளியேறத் தொடங்கின. கூட்டத்தைத் தூண்டிவிட்டதில் அரசுக்குப் பங்குண்டு என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வழங்கிய மன்றத்தின் நேர்மையைப் பற்றிப் பின்னே பேசுவோம். ஆயினும், தம் காவலில் உள்ள சிறுபான்மையினரைக் காக்கத் தவறிய ஆட்சி எதுவாயினும், அதன் தலைவர் நமக்கு எத்துணை உவப்பானவராயினும், அப்பழியை நாம் மறைத்தல் தகாது. சிறுபான்மையினராக வாழும் நாம் இதனை மறைப்பது இன்னும் தகாது.

1957 தேர்தலில் வாக்கு 48 சதவீதத்திற்குக் குறைந்தது. எதிர்க்கட்சிகள் கூட்டாக நிற்பதைத் தடுக்கச் சட்டம் முன்னரே வந்திருந்தது. பழைய விதியின் தயவால் 610 இடங்களுள் 424 அவர்க்கே கிடைத்தன. நாட்டில் பாதிக்குமேற்பட்டோர் எதிராக வாக்களித்தும் மன்றத்தில் மூன்றிலிரு பங்கு! அடுத்த ஆண்டு தாயக முன்னணி என்றோர் அமைப்பைத் தொடங்கி, அதில் சேர்ந்தோர் பெயர்களை நாள்தோறும் அரசு வானொலியில் வாசிக்கச் செய்தார். சேராதோர் தாயகத்திற்கு வெளியே நிற்பவர் என்பது குறிப்பு.

1957ஆம் ஆண்டின் இறுதியில் படை அதிகாரி ஒருவர் சதி உருவாவதை அரசுக்கு அறிவித்தார். ஒன்பது அதிகாரிகள் பிடிக்கப்பட்டனர். படை நீதிமன்றம் அவ்வொன்பதின்மரையும் விடுவித்து, தகவல் தந்தவர்க்கே சிறைத்தண்டனை வழங்கியது. மெந்தரஸ் அத்துடன் அமைதியுற்றார். மக்கள் தம்முடன் இருக்கப் படை என்ன செய்யும் என்று அவர் நம்பினார் போலும்.

இறுதி ஆண்டு

1959 பிப்ரவரி 17 அன்று, சைப்ரஸ் உடன்படிக்கையில் கையெழுத்திடச் சென்ற அவருடைய விமானம் இலண்டனுக்கருகே கேட்விக்கில் மூடுபனியில் விழுந்து எரிந்தது. பதினால்வர் மாண்டனர். மெந்தரஸ் சிறு காயங்களுடன் பிழைத்து, மருத்துவமனையிலிருந்தவாறே கையெழுத்திட்டார். தாயகம் திரும்பியபோது வழிநெடுக ஆடுகளும் ஒட்டகங்களும் அறுக்கப்பட்டன. இறைவனால் காக்கப்பட்டவர் என்று மக்கள் போற்றினர். அங்காரா இரயில் நிலையத்திற்கு இனோனுவும் வந்து வரவேற்றார். இரு தலைவர்களும் கைகோத்த அந்நேரத்தில் நாடு வேறு வழியில் திரும்பியிருக்கலாம். சில வாரங்களிலேயே பகை மீண்டது. ஊஷாக் நகரில் இனோனுவின்மீது கல் எறியப்பட்டது. 1960 ஏப்ரலில் அவர் சென்ற இரயில் கைசேரிக்கருகே படையினரைக் கொண்டு நிறுத்தப்பட்டது. விடுதலைப் போரின் தளபதியை மறிக்க ஏவப்பட்ட அதிகாரிகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! எதிர்க்கட்சியை அடக்கப் படையை ஏவிய அரசு, அரசியலுக்குள் நுழையும் வாயிலைத் தானே அதற்குத் திறந்துவிட்டது.

ஏப்ரல் 18 அன்று ஆளுங்கட்சி உறுப்பினர் பதினைவரை மட்டுமே கொண்ட விசாரணைக்குழு அமைக்கப்பட்டது. எதிர்க்கட்சியையும் பத்திரிகைகளையும் விசாரிக்கவும், வெளியீடுகளைத் தடைசெய்யவும், சிறையிலடைக்கவும் அதற்கு அதிகாரம் வழங்கப்பட்டது. வாதியும் நீதிபதியும் ஒருவரே. ஏப்ரல் 28 அன்று இஸ்தான்புல் பல்கலைக்கழக மாணவர்கள் கொதித்தெழுந்தனர்; துப்பாக்கிச் சூட்டில் மாணவரொருவர் இறந்தார். படைச்சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மே 21 அன்று படைக்கல்லூரி மாணவர்களே அங்காரா வீதியில் அணிவகுத்தனர். மெந்தரஸ் மேற்கு மாகாணங்களுக்குச் சென்றார். அங்கு இன்னும் இலட்சக்கணக்கில் மக்கள் கூடினர். விசாரணைக்குழு தன் பணியை முடித்துவிட்டது என்று மே 25 அன்று எஸ்கிஷெகிரில் அறிவித்தார். காலம் கடந்துவிட்டது.

1960 மே 27 வைகறையில் வானொலியில் ஒலித்தது கர்னல் அல்பர்ஸ்லான் துர்கேஷின் குரல். படை ஆட்சியைக் கைப்பற்றிவிட்டது. குத்தாஹியாவில் மெந்தரஸ் கைது செய்யப்பட்டார். முப்பத்தெண்மர் கொண்ட தேசிய ஒற்றுமைக் குழு, ஜெனரல் ஜமால் குர்சலைத் தலைவராகக் கொண்டு ஆளத் தொடங்கியது. நகரங்களில் மாணவர் ஆடிப்பாடினர். சிற்றூர்கள் வாய்மூடிக் கிடந்தன. அன்றே சட்டப் பேராசிரியர் சிலர் அங்காராவுக்கு வந்து, நிகழ்ந்தது சட்டத்திற்குப் பொருந்தியதே என்று அறிக்கை தந்தனர். கல்விக்கூடத்தில் பணிபுரியும் நம்மை இச்செய்தி பெரிதும் உறுத்துகின்றது. ஐந்து மாதங்கள் கழித்து அதே படைக்குழு 147 பல்கலைக்கழக ஆசிரியர்களை ஒரே ஆணையால் வேலைநீக்கம் செய்தது. துப்பாக்கிக்குச் சான்றிதழ் வழங்கியோர்க்கு அது நன்றியறியாது போயிற்று.

தீவில் நடந்த வழக்கு

மர்மரா கடலில் யாஸ்ஸியாடா என்னும் சிறு தீவில் தனிநீதிமன்றம் அமைக்கப்பட்டது. நிகழ்ச்சிகள் முடிந்த பின்னர், குற்றம் சாட்டியவர்களாலேயே நியமிக்கப்பட்ட நீதிமன்றம் அது. மேல்முறையீடு கிடையாது. 1960 அக்டோபர் 14 முதல் பதினொரு மாதங்கள் 592 பேர் விசாரிக்கப்பட்டனர். ஆப்கானிய மன்னர் பாயருக்குப் பரிசளித்த நாயை விலங்குக் காட்சிச்சாலைக்கு விற்றதும் ஒரு வழக்கு. மெந்தரஸின் இல்லற வாழ்வைச் சந்தியிலிழுத்துப் பச்சிளங்குழவியைக் கொல்லத் தூண்டினார் என்றும் வழக்குத் தொடுத்தனர். அதில் அந்நீதிமன்றமே அவரை விடுதலை செய்தது. இவையனைத்தும் வானொலியில் நாட்டிற்கு ஒலிபரப்பப்பட்டன. தண்டிப்பதற்கு முன் இழிவுபடுத்த வேண்டும் என்பது நோக்கம்.

இறுதியில் அவரைக் கொன்ற குற்றச்சாட்டு, அரசமைப்பைச் சிதைத்தார் என்பது. பாங்கை மீட்டது எந்தக் குற்றப்பட்டியலிலும் இல்லை. ஆட்சியைக் கைப்பற்றிய படையினரும் பாங்கை மீண்டும் மாற்றத் துணியவில்லை. அது அன்றுமுதல் இன்றுவரை அரபு மொழியிலேயே ஒலிக்கின்றது. எனவே, பாங்குக்காகத் தூக்கிலிடப்பட்டார் என்னும் வழக்கு, அன்பினால் விளைந்ததெனினும், உண்மையன்று. அவரை வீழ்த்தியவை வேறு. தடையற்ற பெரும்பான்மையைத் தமக்கு அரண் என்று அவர் நம்பினார். நடுநிலை நீதிமன்றமும், அஞ்சாத பத்திரிகையும், எதிர்க்கட்சிக்குரிய உரிமையும் தம்மைக் கட்டும் தளைகளென எண்ணி ஒவ்வொன்றாக நலிவித்தார். தாம் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாளில் அவற்றுள் ஒன்றும் அவருக்காகப் பேசும் வலிமையுடன் எஞ்சியிருக்கவில்லை. இவ்வாறு கூறுவதனால் படையினர் செய்தது நீதியென்று கூறினோமல்லோம். அரசமைப்பைச் சிதைத்தவர் என்று ஒருவர்மீது வழக்குத் தொடுத்தோர் அவ்வரசமைப்பை ஒரே இரவில் கிழித்தெறிந்தவர்கள். மக்கள் அடுத்த தேர்தலில் செய்திருக்கக்கூடியதைத் துப்பாக்கி முந்திக்கொண்டது.

1961 செப்டம்பர் 15 அன்று பதினைவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பல நாட்டுத் தலைவர்கள் கருணை காட்டும்படி வேண்டினர். மெந்தரஸின் ஆட்சியில் பெரிதும் இன்னலுற்ற இனோனுவும் தூக்கு வேண்டாவென்று குர்சலுக்கு எழுதினார். பன்னிருவர்க்குத் தண்டனை குறைக்கப்பட்டது. முதுமை கருதிப் பாயரும் உயிர்தப்பினார். அயலுறவு அமைச்சர் சொர்லுவும் நிதியமைச்சர் பொலாத்கானும் 16ஆம் நாள் இம்ராலித் தீவில் தூக்கிலிடப்பட்டனர். தீர்ப்பு நாளில் மெந்தரஸ் மருந்துகளை அளவுக்கு மீறி உட்கொண்டு நினைவிழந்து கிடந்தார். மருத்துவர் அவர் உயிரைப் பாடுபட்டு மீட்டனர். உடல்நலம் தேறினார் என்று சான்றளித்தனர். 17ஆம் நாள் நண்பகலுக்குப் பின் அவரையும் தூக்கிலிட்டனர். பிழைக்கவைத்துக் கொன்ற அந்நிகழ்ச்சியை எழுதக் கை நடுங்குகின்றது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

பின்னர்

ஒரு மாதத்திற்குள், 1961 அக்டோபர் 15 அன்று தேர்தல் நடந்தது. தடைசெய்யப்பட்ட ஜனநாயகக் கட்சியின் வழிவந்த கட்சிகள் இனோனுவின் கட்சியைவிடக் கூடுதலான வாக்குகளைச் சேர்த்தெடுத்தன. 1965இல் அவ்வழிவந்த நீதிக்கட்சி தனித்தே ஆட்சியமைத்தது. படையினர் ஒழித்ததாக எண்ணியது ஒழியவில்லை. ஆனால் அவர்கள் திறந்த வழியும் மூடவில்லை: 1971இல் எச்சரிக்கை மடல் அனுப்பி ஓர் அரசை வீழ்த்தினர், 1980இல் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றினர், 1997இல் மற்றோர் அரசை நெருக்கி விலகச் செய்தனர், 2016 ஜூலையில் படையின் ஒரு பிரிவினர் முயன்று தோற்றனர். அன்று டாங்கிகளின் முன் வந்து நின்ற மக்களுள் தம் பாட்டனார் வாயிலாக மெந்தரஸின் கதையைக் கேட்டு வளர்ந்தோர் பலர் இருந்திருப்பர்.

மே 27ஆம் நாள் 1963 முதல் சில ஆண்டுகள் விடுதலை மற்றும் அரசமைப்பு நாளாக அரசு விடுமுறையுடன் கொண்டாடப்பட்டது. 1980க்குப் பின் அவ்விழா கைவிடப்பட்டது. இஸ்மிர் விமான நிலையத்திற்கும் அய்தின் பல்கலைக்கழகத்திற்கும் மெந்தரஸின் பெயர் சூட்டப்பட்டது. 2020இல் துருக்கி நாடாளுமன்றம் யாஸ்ஸியாடா நீதிமன்றத்தின் சட்ட அடிப்படையையே நீக்கியது.

இம்ராலித் தீவின் மண்ணில் 29 ஆண்டுகள் கிடந்த அவர் உடல், 1990 செப்டம்பர் 17 அன்று, குடியரசுத் தலைவர் துர்குத் ஒஸால் முன்னிலையில், இஸ்தான்புல்லின் தொப்காப்பிப் பகுதிக்குக் கொணரப்பட்டுச் சொர்லு, பொலாத்கான் ஆகியோருடன் அரசு மரியாதையோடு நல்லடக்கம் செய்யப்பட்டது. அருகே செல்வது அவர் ஆட்சியில் பழைய நகரை இடித்து அமைத்த அகன்ற சாலை. இன்று அது அவர் பெயரைத் தாங்குகின்றது. மக்கள் மூவருள் மூத்தவர் யுக்சல் 1972இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நடுமகன் முத்லு 1978இல் சாலை விபத்தில் மறைந்தார். கணவரையும் இரு மக்களையும் இழந்த பெரின் அம்மையார், கணவரின் உடல் தீவிலிருந்து மீண்ட நாளில் உயிரோடிருந்தார், 1994இல் காலமானார்.